உள்ளே விட்டுத் தைத்த மைதானம்

ஊர் விளையாட்டுப் பூங்காவின் வேலியை வெளிப்புறமாக ஒட்டி ஒரு சுற்று நடந்தால் நானூற்று இருபது அடி. அதே வேலியை உட்புறமாக ஒட்டி நடந்தால் அறுநூறு அடிக்குக் குறையாது. சந்தேகம் உள்ளவர்கள் காலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து நடந்து பார்க்கலாம்; வாசல் திறந்தே இருக்கும், குடிதண்ணீர்க் குழாய் வலது கைப்பக்கம். வெளியூரிலிருந்து வந்து நடக்கிறவர்கள் முதல் நாள் மட்டும் கொஞ்சம் குழம்புவார்கள். இரண்டாம் நாளிலிருந்து மூட்டுவலிக்காரர்கள் வெளியேயும் தொப்பைக்காரர்கள் உள்ளேயும் நடக்கப் பழகிவிடுவார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொல்வதுதான் முறை. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில், பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்று உண்டு. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரில் மூன்று தட்டு, தரையில் எப்போது பார்த்தாலும் நீல நூல். கடைக்காரரை ஊரே டெய்லரக்கா என்று கூப்பிடும். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான். அவருக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, அளவெடுத்த பிறகு விலையை ஏற்றுவதில்லை. நடுவில் நூல் விலை ஏறினால் அது டெய்லரின் தலையெழுத்து, சட்டை போடுகிறவரின் தலையெழுத்து அல்ல. இரண்டு, வளர்கிற பிள்ளைக்கு அளவாகத் தைப்பதில்லை. தையலுக்கு உள்ளே இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் துணியை மடித்து விட்டுத் தைப்பார். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தையலைப் பிரித்துவிட்டால் சட்டையும் கூடவே வளர்ந்துவிடும். எல்லா டெய்லரும் செய்கிற காரியம்தான் என்றாலும், இந்த அக்கா விடுகிற அளவுக்கு யாரும் விடுவதில்லை. அவர் தைத்த கால்சட்டை ஒன்றை மூன்று அண்ணன் தம்பிகள் வரிசையாகப் போட்டு முடித்து, கடைசியில் அவர்களுடைய அப்பா போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதாக ஒரு பேச்சு உண்டு. அப்பாவைக் கேட்டால் மறுப்பதில்லை.

அக்காவின் கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பார், அதில் மூன்று நாள் தூங்குவார். பிள்ளை ஒரே மகள். பன்னிரண்டு வயதிலேயே அவளுக்குக் கதவு என்று பெயர். தெருவில் பந்தாடும்போது இரண்டு செங்கல்லுக்கு நடுவே அவள் நின்றுவிட்டால் எதுவும் உள்ளே போகாது என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அந்த ஊரில் பிள்ளைகள் ஆடுவதற்கு வேறு இடம் கிடையாது. பள்ளிக்கூட முற்றத்தில் புது வகுப்பறை எழும்பிவிட்டது, காலிமனை என்று இருந்ததெல்லாம் வீடாகிவிட்டது. ஆகவே வண்டி வராத நேரமாகப் பார்த்துத் தெருவில் ஆடுவார்கள். வண்டி வராத நேரம் என்று ஒன்று இருப்பதாகப் பிள்ளைகள் நம்பினார்கள், வண்டிக்காரர்கள் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, கதவு எட்டிப் பிடித்து விழுந்த இடத்துக்கும் ஒரு பால்வண்டியின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு செருப்பின் அளவுதான் இடைவெளி. செருப்பு போயிற்று. பந்து அவள் கையிலேயே இருந்தது. படுத்தபடியே அவள் "கோல் இல்ல!" என்று கத்தியதைக் கடை வாசலில் நின்றிருந்த டெய்லரக்கா கேட்டார்.

அன்றோடு தெருவாட்டம் நின்றது. அடி இல்லை, திட்டு இல்லை. இனிமேல் கிடையாது என்று ஒரே சொல். மறுநாளிலிருந்து மகள் பள்ளி விட்டதும் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். ஒரு வாரத்தில் நூற்றுப் பதினாறு பட்டன் தைத்தாள். அவள் தைத்த பட்டன்களைப் பிறகு எந்தப் பிள்ளையாலும் கழற்ற முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். எட்டாம் நாள் டெய்லரக்கா மஞ்சள் துணி எடுத்து ஒரு கோல்கீப்பர் சட்டை தைத்தார். பக்கத்தில், கையில், கீழ்விளிம்பில் எல்லாம் மூன்று அங்குலம் உள்ளே விட்டிருந்தார்.

"கிரவுண்டுன்னு ஒண்ணு வந்ததும் இதப் போட்டுட்டு ஆடு. அதுவரைக்கும் தெருவுல கால் வைக்கக் கூடாது."

"கிரவுண்டு எப்ப வரும்?"

"வரும்."

"அதுக்குள்ள நான் வளந்துட்டேன்னா?"

"உள்ள விட்டிருக்கேன்."

மகள் சட்டையைத் திருப்பி, உள்மடிப்பை விரலால் அளந்தாள். டெய்லர் மகள், அளக்கத் தெரியும். "மூணு அங்குலந்தாம்மா இருக்கு" என்றாள்.

அந்த மூன்று அங்குலம் தீர்வதற்குள் ஊருக்கு ஒரு மைதானம் வந்தாக வேண்டும் என்பதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பக்கத்துக் கடை மருந்துக்காரர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு மாத்திரை கொடுப்பார், பிறகு கேட்பார். மூடிப்போன ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் நாற்பது கஜம் நீளமும் முப்பது கஜம் அகலமும் உள்ள ஒரு மனை சும்மா கிடக்கிறது என்று அவர்தான் சொன்னார். நிதிக்குழு ஒன்று அமைந்தது. தலைவர், பொருளாளர் இரண்டும் மருந்துக்கடைக்காரர். செயலாளர், உறுப்பினர், தொண்டர் மூன்றும் டெய்லரக்கா.

வசூல் முறையை வகுத்தவர் அக்கா. ரசீது கொடுத்தால் ஜனங்கள் ரசீதைத் தொலைப்பார்கள், பிறகு நாம் பணத்தைத் தொலைத்ததாகச் சொல்வார்கள். ஆகவே ரசீது வேண்டாம், துணி போதும் என்றார். மனையில் ஆயிரத்து இருநூறு சதுர கஜம் இருக்கிறது. ஒரு கஜத்தின் விலை, ஒரு ஜோடி பள்ளிச் சீருடை தைத்து வாங்குகிற விலை. பணம் கொடுக்கிறவர் தன் வீட்டிலிருந்து கஜத்துக்குக் கஜம் பழைய துணி ஒன்றும் கொண்டுவர வேண்டும். அதை அக்கா மற்ற துணிகளோடு சேர்த்துத் தைப்பார். மைதானம் திறக்கும் நாளில் மொத்தத் துணியையும் தரையில் விரித்து, அவரவர் அவரவர் கஜத்தின்மேல் ஒரு மணி நேரம் நிற்கலாம். அந்த ஒரு மணி நேரம் அந்த மண் அவருடையது. அதன் பிறகு என்றென்றைக்கும் பிள்ளைகளுடையது.

திட்டம் எடுபட்டது. பணம் கொடு என்றால் பூட்டிக்கொள்கிற கைகள், துணி கொடு என்றதும் பெட்டியைத் திறந்தன. துணியைத் தேடும்போது பணமும் அங்கேயே எங்கோ அகப்பட்டது. முடிதிருத்துகிறவர் வெள்ளைப் போர்வை கொண்டுவந்தார். ஆசிரியைகள் இருவர் ஒரே மேசைவிரிப்பைப் பாதியாக வெட்டி, இரண்டு பங்காகச் செல்லுமா என்று கேட்டார்கள். செல்லாது என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு திரைச்சீலையைக் கொடுத்தார்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் கடிதம் எழுதினார். ஒரு நர்ஸ் தன் சீருடையிலிருந்தும், கப்பல் சமையற்காரர் ஒருவர் தன் ஏப்ரனிலிருந்தும் வெட்டித் தபாலில் அனுப்பினார்கள். லாரிக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து தார்ப்பாயில் ஒரு கஜம் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கினார். சுவர்த் தகராறில் பதினொரு வருடமாகப் பேசாமலிருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் துணிகளை அக்கா வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்துத் தைத்தார். இருவரும் தனித்தனியே வந்து முறையிட்டபோது, "தச்சாச்சு, இனிமே பிரிச்சா கிழிஞ்சிடும்" என்றார்.

துணி வளர்ந்தது. ஆனால் இடத்தை அடைக்கவில்லை. இருநூறு கஜம் ஆனபோது அதை மடித்து இரண்டாம் தட்டில் வைத்தார். ஆயிரம் கஜம் ஆனபோதும் அது அதே தட்டில், ஒரு படுக்கை விரிப்பின் பருமனில், அப்படியே இருந்தது. டெய்லர்களுக்கு மடிக்கத் தெரியும் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினான்கு மாதத்தில் ஆயிரத்து இருநூறு கஜமும் நிறைந்தது. மகளின் மஞ்சள் சட்டையில் ஒரு அங்குலம் பிரித்தாயிற்று. பணத்தை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் நிலத்தின் சொந்தக்காரரிடம் போனார். அவர் முப்பது வருடம் ஐஸ் தொழிற்சாலை நடத்தியவர். அந்தக் குளிர் உடம்பில் ஏறிவிட்டதால் கொளுத்துகிற வெயிலிலும் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் திரிவார். ஊர் அவரை ஸ்வெட்டர் முதலாளி என்றது. கிடங்கு கட்டுகிற ஆள் ஒருவன் இரண்டு மடங்கு விலை தருவதாகச் சொல்கிறான், நீங்களும் இரண்டு மடங்கு தருவதென்றால் ஒன்றரை வருடம் பொறுக்கிறேன், இல்லாவிட்டால் அவனுக்குத்தான் என்று முதலாளி கைவிரித்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் முகம் தொங்கத் திரும்பி வந்து, ஒரு மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டார். கஜத்தின் விலையை இரண்டு மடங்காக்கி, கொடுத்தவர்களிடமே மறுபடி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். டெய்லரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அளவெடுத்த பிறகு நான் விலை ஏத்தறதில்ல. ஒரு கஜம் என்ன வெலன்னு வாயால சொல்லியாச்சு."

"அப்ப என்னதாம்மா பண்றது?"

"இன்னும் ஆயிரத்து இருநூறு கஜம் தைக்கிறேன்."

மருந்துக்கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அதுவும் சரிதான்" என்று சொல்லி இருமல் மருந்து விற்கப் போனார். இந்த இடத்தில் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காவும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலையில், துணி கூடுதலாக வந்தால் சட்டை பெரிதாகும். துணி கூடினாலும் அளவு கூடாத தொழில் ஒன்று இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

இன்னும் பதினாறு மாதம் ஓடியது. முதலில் நீளத்தில் இருபது கஜம் சேர்ந்தது, பிறகு அகலத்தில் பத்துக் கஜம். பக்கத்து ஊரிலிருந்துகூடத் துணி வந்தது. மகள் மளமளவென்று வளர்ந்தாள். இரண்டாம் அங்குலத்தையும் பிரித்தாயிற்று. மாலையில் அவள் கடைச்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பாள்; சாவி செய்கிறவர் ஆணியில் மாட்டிய சாவிகளெல்லாம் அந்தத் தாளத்துக்குக் குலுங்கும். இரண்டாயிரத்து நானூறாவது கஜம், ஊருக்கு வந்து மூன்று நாளே ஆன ஒரு கைக்குழந்தையின் போர்வை. அதைத் தைத்து முடித்த வாரமே நிலம் கைமாறியது. திறப்பு நாள் குறித்து அழைப்பும் ஒட்டியாயிற்று. மகளின் தோளில் சட்டை மறுபடி பிடித்தது. கடைசி அங்குலத்தைப் பிரித்துவிட்டு அக்கா சொன்னார்: "இதுக்கு மேல இல்லடி."

"இதுக்கு மேல எதுக்கும்மா? அதான் வந்துருச்சே" என்று மகள் கண்ணாடி முன்னால் பாய்ந்து பார்த்தாள். அலமாரியின் கைப்பிடி ஒன்று போயிற்று.

வேலி போட்டது அக்காவின் தம்பி. வெல்டர். பழைய இரும்பைத் தேடி எடுத்து, கம்பிவலை பூட்டி, ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர் போக மற்ற மூன்று பக்கமும் அடைத்து, கோல் கம்பங்களும் நட்டு, கூலி வாங்காமல் வேலையை முடித்திருந்தான். திறப்புக்கு இரண்டு நாள் முன்னால், கை கழுவின கையோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, துணி மொத்தம் எத்தன கஜம் சொன்ன?"

"ரெண்டாயிரத்து நானூறு."

"நெலம்?"

"ஆயிரத்து இருநூறு."

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கே தன் வாயிலிருந்து வந்தது காதில் விழுந்தது. மிஷினின் சக்கரத்தில் வைத்த கை அப்படியே நின்றது.

"மீதி ஆயிரத்து இருநூறு பேரு எங்கக்கா நிப்பாங்க? தோள் மேலயா?"

"மடிச்சு விரிச்சுக்கலாம்டா."

"துணிய மடிக்கலாம். ஆள எப்படிக்கா மடிப்ப?"

அன்று முழுக்க அக்கா கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் போகும். கொடுக்காவிட்டால் பெயர் போகும். நிலம் போனால் மகளின் சட்டையில் இனிப் பிரிக்க ஒரு நூல் மிச்சமில்லை. மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போய், "ஒரு தப்பு நடந்துபோச்சு, அளவுல..." என்று ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் ஒரு வயிற்று மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "அளவுல நீங்க தப்பு பண்ண மாட்டீங்கம்மா. இருபது வருஷமா என் பேண்ட்டு நீங்கதான். எனக்கே தெரியாத என் தொப்பையெல்லாம் உங்களுக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் சொல்ல முடியவில்லை. அக்கா கடைக்குத் திரும்பி, ஊராருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். மூன்று முறை அடித்துத் திருத்தி, நான்காவது பிரதியைச் சுத்தமாக எழுதி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் கூடின பிறகு வாசிப்பதாக உத்தேசம்.

திறப்பு நாளன்று துணியைக் கொண்டுபோகத் தம்பி தள்ளுவண்டி கொண்டுவந்தான். அக்கா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனார். வேலிக்கு வெளியே ஊர் மொத்தமும் நின்றது. முகம் கழுவி, தலை வாரி, துவைத்த உடுப்பு. ஸ்வெட்டர் முதலாளியும் ஓரமாக வந்து நின்றிருந்தார். முதலில் நீளவாக்கில் பிரிப்பது, பிறகு அகலவாக்கில் என்று ஏற்பாடு. பத்துப் பேர் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, சுருக்கம் விழாமல் இருக்கத் துணியையே பார்த்தபடி, பின்பக்கமாக நடந்தார்கள். தம்பி அருகில் நடந்து கஜத்தை எண்ணினான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது என்று சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது, ஏனென்றால் நாற்பதில் சுவர். அக்கா கைப்பையைத் திறந்து கடிதத்தைத் தொட்டார்.

பத்துப் பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள். முதுகில் சுவர் இடிக்கவில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர் அவர்களுக்கு எப்போதும் ஒரு அடி பின்னாலேயே இருந்தது. "நாற்பத்தொண்ணு" என்று தம்பி கேள்வி மாதிரிச் சொன்னான். பிறகு நாற்பத்திரண்டு. அக்காவுக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டது. தரைக்கு அடியில், வெகு ஆழத்தில் இல்லை, ஒரு சாண் இருக்கலாம். பிர்ர்ர் என்று, இழுத்துப் பிடித்த நூல் ஒவ்வொரு கண்ணாக விட்டுக் கொடுக்கிற சத்தம். ஜூன் மாதம் தோறும் அவர் கையில் நூறு முறை கேட்கிற சத்தம். பள்ளி திறப்பதற்கு முன் சட்டைகளைப் பிரித்து விடும்போது வருவது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்; அக்கா, யார் தைத்ததோ தெரியவில்லை, நன்றாக விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அறுபதில் நுனி சுவரைத் தொட்டது. தம்பி எண்ணுவதை நிறுத்திவிட்டுத் துணியின்மேல் உட்கார்ந்தான். அகலவாக்கில் பிரிக்க அறுபது பேர் வேண்டியிருந்தது. அவர்களும் பின்பக்கமாகவே நடந்தார்கள், கம்பிவலையும் அவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே நாற்பது கஜம் வரை போயிற்று. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் சிறியவர்களாகத் தெரிந்தார்கள், அவ்வளவுதான். வாசலைத் திறந்ததும் இரண்டாயிரத்து நானூறு பேரில் வந்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய், தங்கள் தங்கள் துணியைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் நின்றார்கள். வராதவர்களின் கஜத்தில் அவர்களுடைய கடிதமோ படமோ வைக்கப்பட்டது. கப்பல் சமையற்காரரின் ஏப்ரன்மேல் அவருடைய அம்மா ஏறி நின்றுகொண்டு, ஒரு மணி நேரமும் இடுப்பில் கை வைத்தபடி யாரையும் மிதிக்க விடவில்லை. சுவர்த் தகராறுக்காரர்கள் இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். முக்கால் மணி நேரம் எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிக் கால் மணியில் ஒருவர், "உன் பக்கம் வெயில் கம்மியா இருக்கே" என்றார். "வேணும்னா இப்படி வா" என்றார் மற்றவர். ஒரே கஜத்தில் இருவர் நின்றதால், பக்கத்துக் கஜம் ஒன்று காலியாகவே கிடந்தது.

தம்பி அக்காவின் பக்கத்தில் வந்து, மெதுவாக, "எப்படிக்கா?" என்றான்.

"உள்ள விட்டிருக்கு" என்றார் அக்கா. மன்னிப்புக் கடிதத்தில் பிற்பாடு கத்தரிக்கோலைச் சுற்றி வைத்தார். எண்ணெய் இழுக்க நல்ல தாள்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் துணியைச் சுருட்டினார்கள். அது பழையபடி படுக்கை விரிப்பின் பருமனுக்கு வந்து அக்காவின் கக்கத்துக்குள் அடங்கியது. நிலம் சுருங்கவில்லை. பிரித்துவிட்ட சட்டை எங்கே சுருங்கும்? தம்பி கோல் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளி நட்டதும் முதல் ஆட்டம் தொடங்கியது. கதவு மஞ்சள் சட்டையில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றாள். பதினான்கரை வயது, இரண்டரை வருடப் பசி. அவள் இதுவரை பார்த்த பந்தெல்லாம் பத்தடியிலிருந்து வந்தவை. வந்தது தெரிவதற்குள் பிடித்தாக வேண்டும். இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி உதைத்த பந்து, கிளம்பி, மேலே போய், வெயிலில் மின்னி, வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தூரத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. எப்படியும் நேரம் இருக்கிறதே என்று வாசல் பக்கம் திரும்பி அம்மாவுக்குக் கை காட்டினாள். பந்து அவள் காதை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

கதவு திறந்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவளே முதலில் சிரித்தாள். வலைக்குள் விழுந்து கிடந்த பந்தைக் கட்டிக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தாள். "வேடிக்கை பாக்காம ஆடுடி!" என்று டெய்லரக்கா கத்தினார். மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரையை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார், போடவில்லை.

நான்காம் நாள் ஸ்வெட்டர் முதலாளி கடைக்கு வந்தார். கையில் அளவு நாடா. உள்ளே போய் அளந்துவிட்டு வந்திருந்தார்.

"நான் வித்தது ஆயிரத்து இருநூறு கஜம். உள்ள இருக்கறது ரெண்டாயிரத்து நானூறு. மீதிக்கு யாரும்மா காசு குடுக்கறது?"

டெய்லரக்கா தலையைத் தூக்காமல் ஒரு காலரைத் திருப்பினார். "நீங்க எத்தன மடங்கு வெல வாங்குனீங்க?"

"ரெண்டு மடங்கு."

"அப்ப ரெண்டு மடங்கு நெலந்தான குடுத்திருக்கணும்? குடுத்துட்டீங்க. கணக்கு சரியாத்தான இருக்கு."

முதலாளி நாடாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நில அளவைக்காரரையும் கூட்டிவந்து பார்த்தார். அவர் வெளியே அளந்து ஒரு எண்ணும் உள்ளே அளந்து ஒரு எண்ணும் எழுதி, பத்திரத்தில் நான்கு எல்லைக்கு உட்பட்டது முழுவதும் என்றுதான் இருக்கிறது, உட்பட்டது எவ்வளவு என்பது உட்பட்டதன் பாடு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து முதலாளி மறுபடி வந்தார். இந்த முறை வாசலிலேயே நின்றார். ஊர் முழுக்க நின்ற அன்றைக்குத் தனக்கு மட்டும் நிற்க இடமில்லாமல் போய்விட்டது என்றும், ஒரு கஜம் கிடைக்குமா என்றும் கேட்டார். துணி வேண்டுமே என்றார் அக்கா. அவர் முப்பது வருடத்தில் முதல் முறையாக ஊரார் பார்க்க ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த சட்டை அக்கா தைத்ததுதான், ஆள் இளைத்திருந்தார். ஸ்வெட்டர் ஒரு கஜத்துக்குப் போதவில்லை. போதாததை அக்கா கேட்கவில்லை. வடகிழக்கு மூலையில் வைத்துத் தைத்து, துணியை ஒரு காலையில் கொண்டுபோய் விரித்து, மறுபடி சுருட்டி எடுத்து வந்தார். பின்னல் துணி என்பதால் மைதானத்தின் அந்த மூலை மட்டும் இழுத்தால் நீளும். அங்கிருந்து கார்னர் கிக் எடுக்கிறவர்கள் சில நாள் கோலுக்கு அருகில் இருப்பார்கள், சில நாள் தூரத்தில். கோடையிலும் அங்கே காற்று ஜில்லென்று வரும். முதலாளி மாலைதோறும் வெறும் சட்டையோடு வந்து அந்த மூலையில் நின்று, இரண்டு பக்கத்துக்கும் கைதட்டுவார்.

அதன் பிறகு ஒன்பது வருடம் போயிற்று. கதவு வெளியூர்களுக்கெல்லாம் போய் ஆடிவிட்டு வந்தாள். பந்து தூரத்தில் வரும்போது கை காட்டுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை, ஆனால் இப்போது ஒரு கையால் காட்டி மறு கையால் பிடித்துவிடுகிறாள். மஞ்சள் சட்டையை அக்கா மறுபடி மூன்று அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்து, அடுத்த சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தார். நகராட்சி வெளி அளவுக்கு வரி போடுகிறது. வெளியூர் அணிகள் உள் அளவுக்கு ஆட வருகின்றன. பள்ளி திறக்கும் மாதத்தில் கடைக்கு வருகிற அம்மாக்கள், "வளர்ற பிள்ளக்கா, பார்க் மாதிரி விட்டுத் தைங்க" என்று சொல்கிறார்கள்.

போன வருடம் பிள்ளைகள் பெருகி, மைதானத்தில் இடநெருக்கடி வந்துவிட்டது. ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம். ஒரு ஆட்டத்தின் பந்து அடுத்த ஆட்டத்தின் கோலில் போய் விழுந்தது. யாரும் கூட்டம் கூட்டவில்லை, வசூலும் வைக்கவில்லை. ஒரு காலை டெய்லரக்கா மூக்குக் கண்ணாடியும் சின்னக் கத்தரிக்கோலுமாக வந்து, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகக் குனிந்து, கால் மணி நேரம் எதையோ பிரித்தார். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தம்பி எதுவும் கேட்காமல் கோல் கம்பங்களைப் பிடுங்கி, பின்னால் தள்ளி நட்டான். வேலிக்கு வெளியே நடந்துகொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும் நின்று, கம்பிவலை வழியாக, "எல்லாத்தையும் பிரிச்சுட்டீங்களாம்மா? இவங்க பிள்ளைங்க வந்தா என்ன பண்றது?" என்று கவலையாகக் கேட்டார்.

டெய்லரக்கா கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார். "பயப்படாதீங்க" என்றார். "உள்ள இன்னும் விட்டிருக்கு."